ஏரிக்கு முதுகைக் காட்டி

முதுகுப்பை நனைந்திருந்தது.

காரை நிறுத்திவிட்டுத் திராட்சைத் தோட்டத்தின் முதல் வளைவைத் தாண்டியபோதுதான் டிலக்சி அதை உணர்ந்தாள். சட்டையை ஊடுருவி முதுகுத்தண்டின் வழியே ஒரு குளிர் மெல்ல இறங்கியது. தண்ணீர்ப் போத்தல் கசிகிறது என்று நினைத்துப் பையைக் கழற்றிப் பார்த்தாள். போத்தல்கள் மூடி உடைக்காமலே கிடந்தன. இடியப்பப் பார்சல் காய்ந்தே இருந்தது. ஈரமாக இருந்தது அண்ணாவின் சாம்பலை வைத்திருந்த பிளாஸ்ரிக் பெட்டி மட்டும்தான். அதன் மூடி விளிம்பைச் சுற்றி நீர் துளித்துளியாகக் கோத்து நின்றது. விரலால் தொட்டு முகர்ந்தாள். பாசி மணம்.

காலையில் டூங்கபியிலுள்ள தங்கள் வீட்டில் அவள்தான் அந்தப் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். அப்போது அதன்மேல் தூசி படிந்திருந்தது. துணியால் துடைத்தது நினைவிருந்தது.

"என்ன பிள்ளை, நிண்டிட்டாய்?" முன்னால் போன அம்மா கேட்டாள்.

"ஒண்டுமில்லை. நீங்கள் நடவுங்கோ."

பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். இன்று முழுவதும் அந்தக் கையை விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். சுதர்சன் அண்ணா இந்தத் தோட்டத்துக்கு அப்பாலுள்ள ஏரியில் மூழ்கியதிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவனுடைய அறையில், அவனுடைய கதிரையில், விளக்குப் போடாமல் இருப்பாள். நேற்று, சாம்பலைக் கரைக்கச் சம்மதித்தபோது, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நானும் அவனோட அங்கையே நிண்டிடுவனோ தெரியாது."

ஆகவே டிலக்சிக்கு இன்று வேலை ஒன்றுதான். அம்மாவைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஏரிவரை காரில் போக வழி இருந்தது. அம்மா மறுத்துவிட்டாள். அண்ணா நடந்த வழியால்தான் அவன் போக வேண்டும் என்றாள். அகதிகளாகப் படகில் வந்த குடும்பம் அவர்களுடையது. அம்மாவையும் சின்னவளான டிலக்சியையும் சீக்கிரம் வெளியே விட்டார்கள். அண்ணாவை மட்டும் வருடக்கணக்கில் வில்லாவுட் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வெளியே வந்த பிறகு அவன் இந்தத் தோட்டத்தில் திராட்சை பறிக்க வந்தான். வேலை முடிந்த பிறகும் வரிசை வரிசையாக நடப்பானாம். வேலி வந்து மறிக்காத நடை என்று போனில் சொல்வான்.

நூற்றைம்பது வருடப் பழைய கொடிகள். ஒவ்வொரு அடித்தண்டும் முறுக்கிப் பிழிந்த துணி போல இருந்தது. அறுவடை முடிந்து இலைகள் துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டன. பறிக்காமல் விட்ட குலைகள் கொடியிலேயே புளித்து, குளவிகளை அழைத்துக்கொண்டிருந்தன. பழைய கல் மண்டபத்தின் வாசலில் வெள்ளைக்காரர் கூட்டம் ஒன்று வைன் கிண்ணங்களுடன் நின்றது.

"இந்தத் தண்ணியைக் குடிக்கவோ இவ்வளவு தூரம் வருகினம்?"

"குடிக்கிறேல்லை அம்மா. வாயில வைச்சுப் பாத்திட்டுத் துப்புவினம். அதுக்கு வாளியும் இருக்கு."

"காசு குடுத்து வாங்கித் துப்புறதோ? விசர்ச் சனம்." அம்மாவின் உதடு லேசாகக் கோணியது. "சுதர்சன் சொல்லேக்க நான் நம்பேல்லை. பகிடி விடுறான் எண்டு நினைச்சன்."

அவன் பெயரைச் சொன்னதும் அந்தக் கோணலும் போய்விட்டது. நண்பகல் கடந்தது. ஒரு மரத்தடியில் இடியப்பத்தைப் பிரித்தார்கள். அம்மா இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டாள். டிலக்சி பையைத் தூக்கியபோது அது காலையில் இருந்ததைவிடக் கனத்தது. ஈரம் அவளுடைய இடுப்புவரை வந்திருந்தது. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் காயவில்லை.

ஏரி, வரிசைகள் முடியும் இடத்தில், மண்ணிறமாக அசையாமல் கிடந்தது. கரைக்கும் கொடிகளுக்கும் நடுவே ஒரு கம்பிவேலி. அதற்குக் கீழே குனிந்து இருவரும் வெளியே வந்தார்கள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

ஐயர் போனில் சொன்னதை டிலக்சி மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். கரைத்த பிறகு ஏரிக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப்படாது. வாறன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. செத்தவீட்டில் சொல்லாத சொல்லை அங்கேயும் சொல்லப்படாது.

அம்மா பெட்டியைத் திறந்தாள். வெளியே அவ்வளவு ஈரம். உள்ளே சாம்பல் காய்ந்து வெளுத்திருந்தது. சரித்தபோது காற்று அதைக் கலைக்கவில்லை. நீரிலும் அது பரவவில்லை. கீழேயிருந்து யாரோ உறிஞ்சுவதுபோல ஒரே இடத்தில், ஒரே கோடாக இறங்கி மறைந்தது.

அம்மா வெகுநேரம் குனிந்தபடி நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து, மிகச் சாதாரணமான குரலில் சொன்னாள்:

"போட்டு வாறன் ராசா."

டிலக்சி சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். வில்லாவுட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்வை நேரம் முடிந்து எழும்பும்போது அம்மா சொன்ன சொல் அது. அத்தனை வருடமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய சொல். அத்தனை வருடமும் அவன் அடுத்த ஞாயிறுவரை காத்திருந்தான்.

"அம்மா, என்ன சொன்னியள்?"

அம்மா விழித்தாள். கை வாய்க்குப் போனது. "தெரியாமல் வந்திட்டுது பிள்ளை."

ஏரியில் அலை இல்லை. ஆனாலும் கரையில் ஒரேயொரு தடவை நீர் ஏறி, அம்மாவின் செருப்பை நனைத்துவிட்டு இறங்கியது.

"வாங்கோ. திரும்பிப் பாராதேங்கோ. வாங்கோ."

அம்மாவை இழுத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள். பையோடு குனிந்து நுழைய இரண்டு கையும் வேண்டியிருந்தது. அம்மாவின் கையை விட்டாள். அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தாள். திரும்பவில்லை. வலது கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"பிடியுங்கோ அம்மா."

குளவிகளின் இரைச்சல் நின்றிருந்தது. சிறிது நேரம் எதுவுமில்லை. பிறகு கை வந்து அவளுடைய கைக்குள் அமர்ந்தது.

நடந்தாள். இரண்டு பேர் அருகருகே நடக்க இடமில்லாத பழைய வரிசை அது. இருபுறமும் இலைகள் தோளை உரசின. முன்னால் ஒரு கோடாகத் தெரிந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். பின்னால் காலடி கேட்டது. ஈரச் செருப்பின் சத்தம் என்று நினைத்தாள். அம்மாவின் செருப்பு நனைந்ததைக் கண்டாள்தானே.

"கால் நோகுதோ?"

ஈரக் காலடி மட்டும் தொடர்ந்தது. அழுகிறாள் போலும். அழட்டும். வீட்டுக்குப் போய் ரசம் வைத்துக் கொடுக்கலாம். இன்றிரவு அந்த அறைக் கதவைப் பூட்டிவிடலாம்.

அப்போதுதான் குரல் கேட்டது. மிகத் தொலைவில், ஏரிப்பக்கமிருந்து.

"பிள்ளை! நில்லு! என்னை விட்டிட்டு எங்க போறாய்?"

அம்மாவின் குரல்.

டிலக்சி முன்னாலிருந்த வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யார் கூப்பிட்டாலும் என்றுதானே ஐயர் சொன்னார். தெரிந்த குரலில்தான் கூப்பிடும். அம்மா இங்கே, கைக்குள் இருக்கிறாள். பிடியை இறுக்கினாள். "கேளாதேங்கோ அம்மா. அது ஆருமில்லை. நடவுங்கோ."

பின்னாலிருந்த கையும் பிடியை இறுக்கியது.

குரல் இன்னொரு தடவை கூப்பிட்டது. அழுகையாக உடைந்தது. பிறகு நின்றுவிட்டது. கண்ணீர் வழிய வழிய நடந்தாள்.

பாசி மணம். பையிலிருந்து அல்ல. பெட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டாள். மணம் பின்னாலிருந்து வந்தது.

கை குளிர்ந்திருந்தது. நடக்க நடக்கச் சூடேறவில்லை. இவ்வளவு நேரமும் ஈரம் காயவில்லை. விரல்களுக்கிடையால் நீர் வழிந்து அவளுடைய மணிக்கட்டில் சொட்டியது.

அம்மாவின் கையில் காப்பு இருக்கும். காலையில் அது உரசிக்கொண்டே இருந்தது.

காப்பு இல்லை.

கை பெரியது.

வரிசையின் முடிவில் வெளிச்சம் அகன்றது. தோட்டத்துப் பச்சை வண்டி ஒன்று, வெளிப்பாதையால் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்த வெள்ளைக்காரக் கிழவர் கைகொடுக்க, அதிலிருந்து அம்மா இறங்கினாள். கண்கள் வீங்கியிருந்தன. கோபம்.

"என்ன பிள்ளை நீ? என்னால வேலிக்குக் கீழ குனிய ஏலேல்லை. கத்தக் கத்த நீ பாட்டுக்குப் போறாய். இந்த மனுசன் வந்து ஏத்தாட்டில் நான் அங்கை—"

நிறுத்திவிட்டாள்.

அம்மாவின் பார்வை டிலக்சியின் முகத்திலிருந்து மெல்ல உயர்ந்து, தலைக்கு மேலாக, பின்னால் போனது. கிழவரும் பார்த்தார். அவருடைய கை வண்டியின் கம்பியைப் பற்றிக்கொண்டது. வாய் திறந்தபடியே நின்றது.

"அம்மா. வராதேங்கோ."

கையை உதறினாள். விடவில்லை. இன்னும் உதறினாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அவன் போன நாளிலிருந்து டிலக்சி காணாத சிரிப்பு. பசி, தூக்கமின்மை, முழங்கால் நோவு எல்லாம் அந்த முகத்திலிருந்து வடிந்து போயின. இளமையாகக்கூடத் தெரிந்தாள்.

"அம்மா, அது அண்ணா இல்லை! வண்டியில ஏறுங்கோ!"

அம்மாவுக்குக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, திராட்சை வரிசைக்குள் ஓடி வந்தாள்.

"வந்திட்டியோ ராசா? வா. வா அம்மாட்டை."

டிலக்சியின் பிடரியில் குளிர்ந்த நீர் சொட்டியது. அவளுடைய கையைப் பற்றியிருந்த கை அப்படியே பற்றியிருக்க, இடது தோளுக்கு மேலாக இன்னொரு கை, நீரில் ஊறி வெளுத்து, நகங்களில் ஏரிச் சேற்றோடு, அம்மாவை நோக்கி நீண்டது.