குட்டிவால் எந்த மேசைக்கு?

அயிலின் வளர்த்த கோழிக்கு வாலே கிடையாது. அதற்கு அவள் வைத்த பெயர் கொலிட்டா. ஸ்பானிய மொழியில் 'குட்டிவால்' என்று பொருள். பெயர் வைக்கும்போதே அவளுக்கு அத்தனை குறும்பு.

அன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தலைப்பு, மரபணு மாற்றம். ஒவ்வோர் உயிரின் உடம்புக்குள்ளும் அது எப்படி வளர வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறலாம், ஒரு வரி விடுபடலாம், புதிதாக ஒரு வரி நுழையலாம். தமிழில் 'கோழி'யின் முதல் எழுத்து மாறினால் 'தோழி' ஆகிவிடுகிறதே, அதுபோலத்தான்.

ஃபிரெசியா டீச்சர் மூன்று மேசைகள் போட்டிருந்தார். 'நல்ல மாற்றம்', 'கெட்ட மாற்றம்', 'இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று' என்று அட்டைகள் தொங்கின.

சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து நடுவராக வந்திருந்த தோன் ஒஸ்வால்தோ, அதாவது ஒஸ்வால்தோ ஐயா, கொலிட்டாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னம்மா இது, பாதிக் கோழியைத் தூக்கிட்டு வந்திருக்கே? வால் இல்லேன்னா குறைதான். கெட்ட மேசையில வை."

"வைக்க மாட்டேன்" என்றாள் அயிலின்.

பக்கத்தில் நின்ற காஸ்பார் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஏய், நடுவர்டி அவரு!"

"இருக்கட்டும். இது என் கோழிடா."

தோன் ஒஸ்வால்தோவின் பார்வை அவளுடைய கூடைக்குப் போனது. உள்ளே ஆறு முட்டைகள். ஆறும் வான நீலம்.

"ஓகோ! வால் இல்லாத குறையை மறைக்க முட்டைக்குச் சாயம் பூசிட்டியா? டீச்சர், இந்தப் பொண்ணு ஏமாத்துக்காரி. போட்டியிலேருந்து பேரை எடுத்துடுங்க."

அயிலினுக்குக் காது சூடேறியது. அவள் குடும்பத்தார் மபுச்சேக்கள், அந்த மண்ணின் பூர்வகுடிகள். அவள் வீட்டுக் கோழிகள் தலைமுறை தலைமுறையாக நீல முட்டைதான் இடுகின்றன. அதைச் சாயம் என்று சொல்ல இவர் யார்?

ஃபிரெசியா டீச்சர் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "பேரை எடுக்காதீங்க டீச்சர். முதல்ல அவரு நிரூபிக்கட்டும்."

"நிரூபிக்கிறேன். இப்போ பாரு, உன் சாயம் வெளுக்கப் போகுது!"

அவர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஒரு முட்டையை அழுத்தித் தேய்த்தார். மூச்சு வாங்கத் தேய்த்தார். கைக்குட்டையில் கோழி எச்சம் மட்டும்தான் ஒட்டியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கெட்டிச் சாயம் போலிருக்கு" என்று முணுமுணுத்தார்.

"காஸ்பார், உன் மதியச் சாப்பாட்டு முட்டையைக் கொடு" என்றாள் அயிலின்.

"அது எதுக்கு? எனக்குப் பசிக்குமே!"

"கொடுடா!"

காஸ்பார் மனசே இல்லாமல் அவித்த முட்டையை நீட்டினான். பழுப்பு ஓடு. அயிலின் அதை உரித்து ஓட்டின் உட்புறத்தைக் காட்டினாள். வெள்ளை.

"பாருங்க, பழுப்பு நிறம் வெளியில மட்டும்தான் இருக்கு. சாயமும் அப்படித்தான், மேலோட நிக்கும். இப்போ இதைப் பாருங்க."

அவள் நீல முட்டை ஒன்றைக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றினாள். ஓட்டின் உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய தோலைக் கவனமாக உரித்தாள். உள்ளேயும் அதே நீலம்.

"உள்ளே போய் எப்படிங்க சாயம் பூசுறது? என்னிக்கோ ஒரு வைரஸ் கோழியோட குறிப்புல புது வரியை நுழைச்சிட்டுப் போயிடுச்சு. அதுலேருந்துதான் இந்த நீலம்."

தோன் ஒஸ்வால்தோ ஓட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொன்னது தப்பு" என்றார் மெதுவாக.

"சத்தமா சொல்லுங்க, தோன் ஒஸ்வால்தோ. ஏமாத்துக்காரின்னு சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு."

டீச்சருக்கே ஒரு கணம் பகீர் என்றது. ஆனால் தோன் ஒஸ்வால்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நான் சொன்னது தப்பு. இந்தப் பொண்ணு ஏமாத்தலை!"

"யாரோட சாயம் வெளுத்துச்சு?" என்று பின்னாலிருந்து காஸ்பார் கேட்க, கூடமே சிரித்தது. தோன் ஒஸ்வால்தோவும் சிரித்துவிட்டார்.

"சரிம்மா. அப்போ கோழியை நல்ல மேசையில வைக்கலாமா?"

"அதுவும் சரியில்லை" என்றாள் அயிலின். "முட்டை நீலமா இருக்கறதால லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வால் இல்லாதது நல்லதாப் போச்சு. போன வருஷம் நரி வந்தப்போ சேவலோட வாலைக் கவ்விடுச்சு. இதுக்குக் கவ்வ எதுவும் இல்லை, தப்பிச்சிடுச்சு."

அவள் கொலிட்டாவின் காதோரம் மீசைபோல் துருத்திய இறகுகளைத் தடவினாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆனா இந்தக் காது இறகு இருக்கே, இது கெட்ட மாற்றம். அம்மா, அப்பா ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்துட்டா, குஞ்சு ஓட்டுக்குள்ளயே செத்துடும். எங்க வீட்டுல நாலு குஞ்சு அப்படிப் போச்சு. நான் அழுதேன்."

"அப்போ எந்த மேசைம்மா?" என்று உண்மையாகவே கேட்டார் நடுவர்.

அயிலின் மூன்று மேசைகளையும் கிரீச் கிரீச்சென்று இழுத்து ஒன்றாகச் சேர்த்தாள். காஸ்பார் ஓடி வந்து மறுமுனையைத் தள்ளினான். நடுவில் கொலிட்டாவை விட்டாள்.

கொலிட்டா நாலடி நடந்தது. அங்கே கிடந்த நடுவரின் மதிப்பெண் தாளைக் காலால் பிறாண்டி, வசதி பார்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

"கொஞ்சம் நகரச் சொல்லும்மா, மார்க் போடணும்" என்றார் தோன் ஒஸ்வால்தோ.

அயிலின் சொல்லிப் பார்த்தாள். காஸ்பார் கெஞ்சிப் பார்த்தான். நகர மாட்டேன் என்றது கோழி. வளர்த்தவளைப் போலத்தானே அதுவும் இருக்கும்!