நடுவில் மைனஸ்!

"ஐயோ... இதுவும் செத்துப் போச்சு!"

டார்லா போட்ட அலறலில் லாங்மாண்ட் ஆய்வகமே அதிர்ந்தது.

மேஜை மேல் பிணம்!

உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக்ஸ் போர்டு. பவர் சப்ளை பகுதி மட்டும் கருகி, மூக்கைத் துளைக்கும் நாற்றம்.

மூன்று நாளில் மூன்றாவது கொலை. மூன்றும் மதியச் சாப்பாட்டு வேளையில்!

முதலாளி ரஸ், கையில் மிளகாய்ச் சாறு வழியும், கடித்த பரிட்டோ ரொட்டிச் சுருளோடு ஓடி வந்தார்.

"பவர் சப்ளை டிசைன் உன்னுது டார்லா. போர்டு வாங்கற கம்பெனியிலேர்ந்து மிஸஸ் ட்ரூஹீயோ ரெண்டு மணிக்கு வர்றாங்க. மிச்சம் ஒரே ஒரு போர்டுதான். அதுவும் புகைஞ்சுதுன்னா... நீ வீட்டுக்குக் கிளம்பலாம்!"

"என் டிசைன்ல தப்பே இல்ல, ரஸ். இது கொலை!"

"போர்டு மேல யாருக்கும்மா பகை?"

டார்லா மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

கறுப்பு அடாப்டர் ஒன்று... இன்னும் சூடாக! அதன் மேல் பச்சை மிளகாய்ச் சாறு அப்பிய கட்டைவிரல் ரேகை!

அவள் பார்வை மெல்ல பரிட்டோவுக்குப் போனது.

"இது உங்க கிடார் சத்தத்தை மாத்தற எஃபெக்ட் பெட்டியோட அடாப்டர்தானே?"

"ஆ... ஆமா. தினமும் சாப்பிட்டுக்கிட்டே போர்டுல லைட் எரியுதான்னு பாத்தேன். ப்ளக் கரெக்டா உள்ள போச்சே!"

"போகும்! உங்க விரல்கூடத்தான் மூக்குல கரெக்டாப் போகுது! நம்ம போர்டுக்கு ப்ளக் நடுவுல ப்ளஸ். கிடார் பெட்டிக்கு நடுவுல மைனஸ். மூணு தடவையும் கரண்டைத் தலைகீழா விட்டிருக்கீங்க!"

அடாப்டரை மேஜை மேல் வீசினாள்.

ரஸ் முகம் வெளுத்தது. ஆனால் மனிதர் சும்மா முதலாளி ஆகிவிடவில்லை.

"தலைகீழா வந்தா தடுக்கறதுக்கு டயோடு வெச்சிருக்கேன்னியே... அது என்ன, தூங்கிட்டு இருந்துச்சா?"

டார்லா போர்டைத் திருப்பினாள்.

டயோடு இருக்கவேண்டிய இடத்தில்... வெறும் கம்பித் துண்டு!

வரைபடத்தை இழுத்துப் பார்த்தாள். ஓரத்தில் பென்சில் எழுத்து. 'டயோடு ஸ்டாக் இல்லை. இப்போதைக்குக் கம்பி போடவும்.'

அவளுடைய கையெழுத்து!

டயோடு என்ற காவல்காரனை லீவில் அனுப்பியவள் அவள். திரும்பக் கூப்பிட மறந்தவளும் அவளேதான். அவமானத்தில் காது சுட்டது.

மணி ஒன்று நாற்பது!

கடைசிப் போர்டை எடுத்தாள். கம்பியைப் பிய்த்தாள். நேற்றே வந்து டிராயரில் கிடந்த டயோடைப் பற்றவைத்தாள்.

இரண்டு மணி. மிஸஸ் ட்ரூஹீயோ வந்து உட்கார்ந்தார்.

பதற்றத்தில் ரஸ், கைக்குக் கிடைத்த அடாப்டரை எடுத்துச் சொருகினார்.

கறுப்பு அடாப்டர்!

டார்லா அதைப் பிடுங்கப் பாய்ந்தாள்.

விளக்கு எரியவில்லை. ஆனால்... புகை இல்லை. நாற்றமும் இல்லை!

"என்னங்க இது, எரியவே இல்லையே?" என்றார் மிஸஸ் ட்ரூஹீயோ.

டார்லா அதை உருவிவிட்டுச் சரியான அடாப்டரைச் சொருகினாள். பளிச்சென்று பச்சை விளக்கு!

"எந்த முட்டாள் எந்த அடாப்டரைச் சொருகினாலும் எங்க போர்டு சாகாது மேடம்!"

"அட! பிரமாதம்!"

"அந்த முட்டாளா நடிச்சுக் காட்டத்தான் எங்க முதலாளி மூணு நாளா ஒத்திகை பாத்தாரு!"