நேரில் கேட்காத சிரிப்பு

மத்தியான வெயிலில் வண்டியை மர நிழலில் ஓரங்கட்டிவிட்டு, கருவிப்பையும் ஏணியுமாக மாடி ஏறினான் ஏசி மெக்கானிக். கதவைத் திறந்த அம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு, மகளின் அறையைக் காட்டினாள்.

“சுவிட்ச அணைச்சாலும் சத்தம் வருது தம்பி.”

“தகடு எங்கயாவது ஆடும்மா. அஞ்சு நிமிஷ வேலை.”

நாள்கணக்காகச் சாத்திக் கிடந்த அறை. துவைத்த துணியும் பழைய பவுடரும் கலந்த வாசம். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றினான். உள்ளே வெறும் தூசி.

அப்போதுதான் கேட்டது.

விக்கல் போலத் தொடங்கி, மூச்சை உள்ளே இழுத்து, கீச்சென்று முடிந்த ஒரு சிரிப்பு.

“கேக்குதா?” வாசலில் நின்ற அம்மாள் கிசுகிசுத்தாள். “எம் பொண்ணு சிரிப்பு அது.”

“அவங்க எங்கம்மா?”

“போயிட்டா தம்பி. அவ ஆபீஸ்ல சிரிச்சத யாரோ வீடியோ எடுத்துப் போட்டாங்க. கீழ ஒருத்தன் எழுதினான், ‘இந்தச் சிரிப்பைக் கேட்டா பேய்கூட வீட்டைக் காலி பண்ணிடும்’னு. அப்புறம் ஊரே சேந்துக்கிச்சு. அன்னைக்கு வாய மூடினவதான். சோறு தண்ணி இறங்கல. உடம்புல தெம்பே இல்லாதப்ப ஒரு காய்ச்சல் வந்து அள்ளிட்டுப் போயிருச்சு.”

அவன் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அது அவன் எழுதிய வரி.

டீக்கடையில் நின்றபடி, முகம் தெரியாத ஒருத்தியைப் பற்றி விளையாட்டாய்த் தட்டிவிட்டது. ஆயிரக்கணக்கில் சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன. அன்று முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்.

“அவன் கையில கெடச்சா என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டான்.

“அடிக்கவா போறேன்? எம் பொண்ணு சிரிச்சு நீ என்னைக்காவது நேர்ல கேட்டிருக்கியாடான்னு கேப்பேன். அவ்வளவுதான்.”

மறுபடி அந்தச் சிரிப்பு. இம்முறை அவன் காதோரம், வெதுவெதுப்பான மூச்சோடு.

‘நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் விட்டான். திருகாணிகளை ஏனோதானோவென்று முறுக்கிவிட்டு, அம்மாளின் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைத் தேடி அழித்தான். அவனுடையது போய்விட்டது. அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. கீழே போகப் போக முடிவே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. அந்த அம்மாள்தான்.

“நீ வந்துட்டுப் போனதிலேருந்து சத்தமே இல்ல தம்பி. நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். வீடே வெறிச்சுனு கெடக்கு.”

அவனுக்குக் கண் கலங்கியது. இனியும் மறைத்தால் மனிதனே இல்லை.

“அம்மா... அத எழுதினவன்...”

விக்கல் எடுத்தது.

மூச்சு தானாக உள்ளே இழுபட்டது. கீச்சென்று ஒரு பெண்ணின் சிரிப்பு அவன் வாயிலிருந்து வெளியே வந்தது.

பல்லைக் கடித்தான். மறுபடியும் வந்தது.



“கண்ணு,” என்றாள் அம்மாள், குரல் உடைய. “அங்கயா இருக்கே?”

போனைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரலிடுக்கு வழியே, அந்தச் சிரிப்பு தன் தாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.