துர்தாலியின் பின் அச்சு

கியர் ஆயில் சூடானால் கந்தக நாற்றம் அடிக்க வேண்டும். ஜூமாலியின் பழைய ஜீப்பிலோ போர்சோக்கின், எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டின், வாசனை வந்தது. கணவாய் ஏற ஏற அது பின் அச்சிலிருந்து எழுந்து, ஜன்னல் இடுக்கில் நுழைந்த பனிக்காற்றோடும் ஈரக் கம்பளியின் வாடையோடும் கலந்து, சீட்டுக்கு அடியில் யாரோ எண்ணெய்ச் சட்டி வைத்திருப்பதுபோல் நெஞ்சை அடைத்தது.

"யாருங்க போர்சோக் சுடுறாங்க?" என்றாள் பின்சீட்டில் படுத்திருந்த அவன் மனைவி குல்பாரா. காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. தன்னால் ஆகாது, நாரின் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. பேசாம படு."

நேற்றுவரை அவன் ஜீப்பின் பின் அச்சு நடுவே, இரு சக்கரங்களையும் சுற்றவைக்கும் டிஃபரென்ஷியல் பல் தேய்ந்து ஓநாயாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதை நம்பிக் கணவாய் ஏற முடியாது. ஊரில் அதே மாதிரி ஜீப் இன்னொன்றுதான். அதை வைத்திருந்த பக்கத்து வீட்டு துர்தாலி, இதே கணவாயில் வண்டியோடு உருண்டு செத்து இன்னும் நாற்பதாம் நாள் கழியவில்லை. நொறுங்கிய வண்டியில் பின் அச்சு மட்டும் முழுசாக இருந்தது. நேற்று ஸ்பானரோடு துர்தாலி வீட்டில் போய் நின்றான் ஜூமாலி.

"சட்டி காயுற நேரம் பொறு தம்பி," என்றாள் துர்தாலியின் மனைவி சோனுன். "நாலு போர்சோக் போடுறேன். வாசனை அவருக்குப் போய்ச் சேரட்டும். அப்புறம் கழட்டிக்க."

"செத்தவனுக்கு என்ன பசி அண்ணி? பள்ளத்துப் பனிய தின்னே வயிறு ரொம்பியிருக்கும்."

அவள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். "சரி. அவர்கிட்ட நீயே பேசிக்க."

அச்சைக் கழற்றி வந்து தன் ஜீப்பில் மாட்டி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தண்டைப் பூட்டும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இடது சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. டிஃபரென்ஷியல் வேலையே அதுதான். திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடது சக்கரம் தானாகச் சுற்றியது. மெதுவாக, கால் வட்டம். வலது சக்கரத்தை யாராவது திருப்பினால்தான் அப்படி ஆகும். கொட்டகையில் அவனைத் தவிர யாருமில்லை. காற்று என்று சொல்லிக்கொண்டான். உள்ளே காற்றே இல்லை.

இப்போது, துர்தாலி உருண்ட வளைவில், இன்ஜின் நின்றது.

சாவியைத் திருப்பினான். வரவில்லை. வலப்பக்கம் பள்ளம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினான். அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது அச்சுக்குப் போகும் தண்டைத்தான், சக்கரங்களை அல்ல.

இடது பின்சக்கரம் முன்னால் உருண்டது.

அப்படியானால் வலது பின்னால் போகிறது. ஜீப்பின் மூக்கு பனிக்கட்டியில் வழுக்கிப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. ஜூமாலி பாய்ந்து இடது சக்கரத்தைக் கட்டிக்கொண்டான். அது நின்றது. அந்தப் பக்கமிருந்து யாரோ பலம் பார்ப்பதுபோல் கைக்குள் துடித்தது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

வலது சக்கரத்தில் இரண்டு கைகள். நகங்களில் பனி.

"அண்ணே," என்றான் ஜூமாலி. "அண்ணே, போட்டுத் தர்றேன். ஊருக்குப் போனதும் சட்டி நிறையப் போட்டுத் தர்றேன்."



உள்ளே குல்பாரா அலறினாள். பிறகு ஒரு சிசுவின் அழுகை. கைகள் சக்கரத்தை விட்டன. வண்டியின் பாரம் முழுவதும் ஜூமாலியின் தோளில் இறங்கியது. முன்சக்கரங்களுக்கு அடியில் தரை இல்லை. அவன் பிடியை விட்டால் ஜீப் போய்விடும்.

"என்னங்க," என்றாள் குல்பாரா, களைத்த குரலில். "யாரோ வந்திருக்காங்க. பசிக்குதாம்."

பள்ளத்துப் பக்கத்துக் கதவு திறந்தது. அவன் சக்கரத்தைக் கட்டிக்கொண்டே இருந்தான். சிசுவின் அழுகை நின்றது.

பொரித்த வாசனை இப்போது வரவில்லை. மெல்லும் சத்தம் மட்டும்.