அரை மணி விடு, படுக்கட்டும்

சுட்ட இடத்தில் முடி இல்லை.

சயோகோ மண்டியிட்டு, தலைவிளக்கைத் தாழ்த்தி, குட்டை மூங்கில் புதரை இலை இலையாக விலக்கிப் பார்த்தாள். தோட்டா பட்ட மான் முடி உதிர்க்காமல் போகவே போகாது. நெஞ்சில் பட்டால் நீளமான பழுப்பு முடி, வயிற்றிலோ பின்பக்கத்திலோ பட்டால் வெள்ளை முடி. இருபது வருஷமாக, ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும், நகர மன்றத்தின் மாடியில் புதிதாக உரிமம் வாங்கியவர்களை உட்கார வைத்து அவளே நடத்துகிற பாடம் அது. இங்கே ரத்தம் இருந்தது. மூன்று இலைகளில் கறுஞ்சிவப்பாக, தொட்டால் விரலில் ஒட்டியது. முடி மட்டும் ஒன்றுகூட இல்லை. முடி கிடக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை நூல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஏதாவது பழைய கயிற்றுப் பிசிறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மணி நாலு இருபது. இந்த வடகோடியில் சூரியன் மூன்று ஐம்பத்திரண்டுக்கே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு குண்டுகூட வெடிக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் தோட்டாக்களை உருவிச் சட்டைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாயிற்று. தோளில் தொங்கியது வெறும் இரும்பு. நவம்பர் மூன்றாம் வாரம் என்றாலும் இந்தப் பக்கத்துக் கரடிகள் எல்லாம் இன்னும் குழிக்குள் போயிருக்காது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி அடித்த மாதிரி. பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லை. குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன, உள்ளே மனசும் அதே மாதிரி மரத்துக் கிடந்தது.

தப்பாகச் சுட்டுவிட்டாள். அதை வேறு யாரும் வந்து சொல்ல வேண்டாம். மான் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குப் பின்னால், இல்லாவிட்டால் கழுத்தில். இரண்டும் தெரியவில்லையா, விரலை எடுத்துவிடு. பின்பக்கம் காட்டி நிற்கிற மானை ஒருநாளும் சுடாதே, அது குடல் கிழிந்து ஊரெல்லாம் ஓடிச் சாகும். இதையும் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை மான் நின்றது நிஜம். புதருக்குள் அது இறங்கியதும் நிஜம். மூன்று நாற்பத்தேழுக்கு அதே புதரில், அதே உயரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரிந்தது. தலை தெரியவில்லை, கால் தெரியவில்லை. சூரியன் இறங்க ஐந்து நிமிஷம் இருந்தது. எட்டு நாளாக வெறுங்கையோடு வீடு திரும்பிய எரிச்சல் ஒரு பக்கம், தம்பியின் வாய் ஒரு பக்கம்.

தம்பி ரியோஜிக்கு நாற்பது பசு மாடுகள். அவனிடம் துப்பாக்கி கிடையாது. வண்டி ஓட்டுவான், செத்த மானைக் கயிறு கட்டி இழுப்பான், அக்காவைச் சீண்டுவான். மத்தியானம் மாட்டுக் கொட்டகையிலிருந்து அப்படியே வந்து வண்டியில் ஏறியவன், இடுப்பு வாரில் பால் துடைக்கிற வெள்ளைத் துண்டைச் செருகியிருந்தான்.

"அந்தத் துண்டை எடுத்து உள்ள வைடா. பின்னாடி வெள்ளையா தொங்குது, மான் மாதிரியே இருக்கே."

"மான் மாதிரி அழகா இருக்கேன்னு சொல்றியா? தேங்க்ஸ்க்கா."

"பல்லு பேந்துடும். வெள்ளைத் துண்டோட காட்டுக்கு வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்க காட்டுக்கு வரேன்? வண்டியிலதானே உக்காரப்போறேன்." துண்டைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டே சிரித்தான். "எட்டு நாளா நீ பிக்னிக்தான் போற. வேணும்னா சொல்லு, நானே போய் ஒரு மானைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உன் முன்னாடி நிறுத்தறேன்."

அந்தப் பேச்சு இப்போது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுட்டவுடன் மார்பில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியை அழுத்தி, "ரியோஜி, பட்டுடுச்சு. எங்க பட்டுச்சுன்னுதான் தெரியல," என்றாள். பதில் வர நேரமானது. வந்தபோது அவன் குரல் நிதானமாக இருந்தது.

"அவசரப்படாதக்கா. அரை மணி விடு. படுக்கட்டும்."

அதுதான் சரியான முறை. அடிபட்ட மானை உடனே துரத்தினால் கடைசி மூச்சு வரை ஓடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்காவது படுத்து, அங்கேயே அடங்கும். இவளுடைய வார்த்தைகளேதான். ஆனால் ரியோஜி எந்தக் காலத்தில் பொறுமையாக இருந்திருக்கிறான்? ஐந்து நிமிஷம் தாமதமானால் வண்டியிலிருந்து இரண்டு தடவை ஹாரன் அடிக்கிற ஆள். பரவாயில்லையே, பையன் தேறிவிட்டான் என்று நினைத்தாள். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு சோற்று உருண்டையைப் பிரித்துத் தின்றாள். தின்னும்போது ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் சரசரத்தது. நின்றது. மறுபடி சரசரத்தது. நடுவில் ஒரு முனகல், நீளமாக, இரண்டு தடவை. மான் அப்படி முனகிக் கேட்டதில்லையே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அதைக் கலைத்துவிடக் கூடாதே என்று மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஓடையைத் தாண்டி வந்து, அந்தத் தடத்தைத்தான் பிடித்துக்கொண்டு போனாள். ரத்தத்தைப் பார்த்த இடத்திலெல்லாம் இளஞ்சிவப்பு அடையாள நாடாவைக் கிள்ளிக் கட்டிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்தால் நாடாக்கள் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அடிபட்ட மான் பள்ளத்தைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்து இறங்கும். இந்தக் கோடு மேட்டில் ஏறியது. வண்டி நிற்கிற காட்டுச் சாலையைப் பார்த்து ஏறியது.

ரத்தம் தரையில் குறைவாகவும் இலைகளில் அதிகமாகவும் இருந்தது. இலையில் இருந்ததும் துளியாக இல்லை, தேய்த்து இழுத்த மாதிரி இருந்தது, அதுவும் அவளுடைய இடுப்பு உயரத்தில். குடல் கிழிந்த மானுக்கு, புளித்த புல்லின் வாடை வரும். எத்தனை வருஷமானாலும் மூக்கு மறக்காத வாடை. குனிந்து மோந்து பார்த்தாள். புல் வாடை இல்லை. ரத்த வாடைக்கு அடியில், கொட்டிக் காய்ந்த பாலின் வாடை லேசாக இருந்தது.

என் சட்டையிலிருந்து வருகிறது. அவன் வண்டியில்தானே வந்தேன்.

முப்பதடி தள்ளி அது படுத்திருந்த இடம் கிடைத்தது. மான் காலை மடக்கிப் படுக்கும். மூங்கில் வட்டமாக அமுங்கியிருக்கும். இங்கே நீளமாக அமுங்கியிருந்தது. ஒரு ஆள் கையை நீட்டிப் படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. நடுவில் ரத்தம் குட்டையாகத் தேங்கி, மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. இங்கிருந்து பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம், அவள் உட்கார்ந்து சோறு தின்ற மரம் தெரிந்தது. அறுபது மீட்டர்கூட இருக்காது.

சயோகோ வாக்கி டாக்கியை அழுத்தினாள். கட்டைவிரலுக்கு உணர்ச்சியே இல்லை.

"ரியோஜி. எங்கடா இருக்க?"

கரகரப்பு. அதற்குள் மூங்கில் சரசரப்பு. அவளைச் சுற்றி இருந்த அதே சரசரப்பு.

"வண்டியிலதான்க்கா. ஹீட்டர் போட்டுக்கிட்டு ஜம்முனு இருக்கேன்."

"ஹீட்டர் சத்தமே கேக்கலையேடா."

"நீ தேடு. பாதியில விட்டுட்டு வந்துடாத. அடிபட்டதை விட்டுட்டு வரக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ."

சரிதான். விடக்கூடாது. சுட்டவள்தான் தேட வேண்டும், கடைசி வரைக்கும். அவள் எழுந்தாள்.

அங்கிருந்து தடம் மாறியது. இரண்டு பக்கமும் மூங்கில் தண்டுகளில் இலை உருவப்பட்டிருந்தது, பிடித்து இழுத்து உருவின மாதிரி, வரிசையாக, மேடு ஏறுகிற வழி முழுக்க. மான் மூங்கில் இலை தின்னும், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மரங்கள் விலகின. சாலை தெரிந்தது. வண்டி தெரிந்தது.

முன்விளக்கு எரியவில்லை. உள்விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு விரியத் திறந்திருந்தது. இருக்கையில், வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் போடுகிற ரியோஜியின் ஆரஞ்சு மேல்சட்டை மடங்கிக் கிடந்தது; தொப்பை பிதுங்குகிறது என்று எப்போதும் கழற்றிப் போடுவானே, அதே சட்டை. பக்கத்தில் ஒரு காபி டப்பா.

வண்டியில் யாரும் இல்லை.

மானைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்.

ஐயோ, போயிருக்கான். அவளுக்காகத்தான். அந்தப் பெட்டை மானை அவள் பக்கம் விரட்டிவிடுவதற்காக இறங்கிப் போயிருக்கான். கொட்டகைப் பழக்கம், கையைத் துடைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் செருகியிருப்பான். நினைத்துக்கூடப் பார்க்காமல் செருகியிருப்பான். நினைப்பு அங்கே வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. அழுகை வர வேண்டும். வரவில்லை. கால்கள் மட்டும் தடத்திலேயே போயின. ரத்தம். நாடா. ரத்தம். நாடா.

சாலைக்கு இருபதடி கீழே கிடந்தது.

குப்புறக் கிடந்தது. ஒரு கை வண்டியைப் பார்த்து நீண்டிருந்தது, மூடிய விரல்களுக்குள் மூங்கில் இலைகள். தலைமுடியில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. தோளைப் பிடித்துத் திருப்பினாள். தொப்புளுக்குப் பக்கத்தில், வாரில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி பிளந்திருந்தது. தோட்டா பின்னால் நுழைந்து அதன் வழியாகத்தான் வெளியே போயிருந்தது. பேட்டரி இல்லை. பாதிப் பெட்டியே இல்லை. கன்னத்தைத் தொட்டாள். கல் மாதிரி சில்லிட்டிருந்தது. திரும்பவும் பழையபடி குப்புறப் படுக்க வைத்தாள். இடுப்பில் வெள்ளைத் துண்டு.

அவள் மார்பில் கரகரத்தது.

"கெடச்சுதாக்கா?"

காடு அசையவில்லை. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"கெடச்சுது."

"எங்க பட்டிருக்கு?"

"பின்னாடி."

"பின்னாடி சுடக்கூடாதுன்னு நீதானேக்கா சொல்லுவ." கோபம் இல்லை அந்தக் குரலில். களைப்புதான் இருந்தது. "சரி விடு. ஆனது ஆச்சு. வாலை எடுத்துட்டு வா. இருட்டிப் போச்சு."

வால். சுட்டதற்குச் சாட்சியாக நகர அலுவலகத்தில் கேட்பார்கள். சுட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வால், பையில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி. இருபது வருஷமாகச் செய்கிற வேலை, யோசிக்க வேண்டியதில்லை. கை தானாகக் கத்தியை எடுத்தது. இடது கையால் துண்டின் நுனியைப் பிடித்தாள். ஈரத்தில் துணி விறைத்துப்போயிருந்தது, லேசில் அறுபடவில்லை. அறுத்தாள். பிளாஸ்டிக் பையில் போட்டாள். காற்றைப் பிதுக்கி வெளியேற்றிப் பையை மூடினாள். பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, தேதி எழுதினாள். மூன்று நாற்பத்தேழு என்று எழுதினாள். எழுத்து கோணாமல் அழகாக விழுந்தது.

மேலே சாலையில் கதவு அறைந்து மூடுகிற சத்தம் கேட்டது. முன்விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் மரங்களுக்கு நடுவே இறங்கி வந்து, அவள் காலடியில் கிடந்தவனின் முதுகில் விழுந்தது.

ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

"வரேன்டா, இரு," என்றாள் சயோகோ.