ஊமத்தைப் புகை

கோடாங்கி காத்தமுத்துவின் கண்களில் ஏதோ சரியில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில், மாலை வெளிச்சத்தில் நிற்கும்போதே இரண்டு கண்மணிகளும் விரிந்து ஒரே கறுப்பாகக் கிடந்தன. வரும் வழியிலேயே எதையோ மென்றிருக்கிறார் என்று ஷாமிளா நினைத்தாள்.

கஹவத்தைக்குக் கீழே, ஆற்றோரத்து மாணிக்கக் குழிக்குள் இறங்கிய அவள் புருஷன் யோகராஜ் திரும்பி ஏறவில்லை. சுவர் சரிந்து சேறும் தண்ணீரும் குழியை மூடிவிட்டன. உடலும் கிடைக்கவில்லை. மகன் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று மாமியார் கருப்பாயிதான் கோடாங்கியை வரவழைத்தாள்.

"வேணாம் மாமி. அவர நிம்மதியா விட்டுருங்க."

"நிம்மதியா இருக்கான்னு நீ கண்டியா?"

கதவைச் சாத்தினார்கள். லயத்துக்குப் பின்னால் மண்டிக் கிடக்கும், ஆடுகூட வாய் வைக்காத ஊமத்தைச் செடியின் காய்ந்த விதைகளைக் கோடாங்கி தணல்சட்டியில் தூவினார்.

"இந்தப் புகையிலதான் தாயி, போனவங்களுக்கு வழி தெரியும்."

உடுக்கை அதிர்ந்தது. கருகும் விதையின் குமட்டும் நெடியும், வேலைக்கு இடுப்பில் கட்டும் நனைந்த படங்குச் சாக்கின் வாடையும், தகரக் கூரையில் ஓயாமல் கொட்டும் மழையின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து அந்தச் சின்னக் காம்பராவை நிறைக்க, ஷாமிளாவின் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விளக்குச் சுடர் இரண்டாகத் தெரிந்தது. சுவர்கள் தள்ளிப் போவதும் நெருங்கி வருவதுமாக இருந்தன. அவளுக்குப் பழக்கமான இன்னொரு வாடையும் வந்தது. குழிச் சேற்றின் வாடை.

உடுக்கை நின்றது. கோடாங்கி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

ஷாமிளா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஈரக்காற்று உள்ளே வந்தது. சற்று நேரத்தில் அவர் கண் விழித்தார்.

"வரல தாயி. யாரும் வரல. தண்ணி குடு."

அவளுக்கு அழுகை வந்தது. ஆறுதலாகவும் இருந்தது. அடுப்படிக்குப் போய்க் குடத்தைச் சரித்தாள். முன்காம்பராவில் மாமியாரின் குரல் கேட்டது.

"மெதுவா குடி. மெதுவா. பொறை ஏறிரப் போவுது."

தன் செம்பிலிருந்து கோடாங்கிக்குக் கொடுக்கிறாள் போலிருக்கிறது. ஷாமிளா தண்ணீரோடு திரும்பினாள்.

கோடாங்கி வாசலுக்கு வெளியே, மழையில் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

கருப்பாயி மூலையில் உட்கார்ந்திருந்தாள். செம்பைச் சரித்துப் பிடித்திருந்தாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தரை நனையவில்லை.

மடக். மடக்.

"இன்னும் கேக்குறான் புள்ள. அதையும் கொண்டா."

மாமியாரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளுடைய நரைத்த தலைமேல் சேறு படிந்த ஐந்து விரல் தடம். அது மெல்ல, ஆசையாக, கழுத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.