இரண்டாவது இணைப்பு

'இணைந்திருப்பவர்கள்: 2' என்றது திரை. ஒருவர் அவர். இன்னொருவர் யார்?

மத்தியானம் மூன்று மணி. அவருடைய பதவிக்கு 'தொழில்நுட்ப உறவுப் பாலம்' என்று பெயர். மேலாளர் ஏதோ கருத்தரங்குக்குப் போய் இலவசப் பையோடு கொண்டுவந்தது. ஊழியர்கள் வைத்த பெயர் ரீஸ்டார்ட். யார் என்ன கோளாறு சொன்னாலும், "திரையில என்ன போட்டிருக்குன்னு முதல்ல படிங்க" என்று பாடம் எடுப்பார். அவர் மட்டும் படிப்பதில்லை. திரையில் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்தால் 'ஆம்' என்று அழுத்துவார். படிப்பதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் வேலை.

இன்று கோளாறு அவர் வீட்டுக் கணினியில். மனைவி போனில் இருந்தாள்.

"என்னங்க, அம்புக்குறி தானா நகருது."

"மவுஸ் மேல கை வச்சிருப்ப."

"ரெண்டு கையாலயும் துணி மடிச்சிட்டிருக்கேன். ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்கறீங்க, நம்ம வீடுன்னா மட்டும் என் மேல பழியா?"

அலுவலகத்திலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்தார். பட்டியலில் இரண்டு வரி. இரண்டிலும் அவர் பெயர். இரண்டாவதை நீக்கினார். திரும்ப வந்தது. மறுபடி நீக்கினார். ஒரு பெட்டி எழுந்தது. பழக்கதோஷம்: 'ஆம்'.

ஒரு நீலப் பட்டை மெல்ல ஊர ஆரம்பித்தது. ஏசியின் முனகலும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும், பக்கத்து மேசைகளின் தட்டச்சுச் சத்தமும், தண்ணீருக்குள் அமிழ்ந்ததுபோல அவரைவிட்டு விலகி விலகிப் போயின. அப்போதுதான், பல வருடத்தில் முதல்முறையாக, பெட்டியில் இருந்ததைப் படித்தார்.

'பயனர் அந்தக் கணினிக்கு இடம் மாறுகிறார். இங்கே எதுவும் மிஞ்சாது.'

'ரத்து' பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. நாற்பது சதவீதம்.

கேமரா தானாகத் திறந்தது. வீட்டு அறை. கட்டிலில் துணிக் குவியல், அதன் முன் மனைவி, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். அவளுக்குப் பின்னால், வாசல் நிழலில், ஒருவன். அவர் இப்போது போட்டிருக்கும் அதே சட்டை. கழுத்துக்கு மேலே, பூசி முடிக்காத சுவர்போல வெறுமை.

"வெளிய போ! அந்த வீட்ட விட்டு இப்பவே வெளிய போ!" என்று மனைவியிடம் அலறினார்.

"என்னங்க, குரல் தேயுது. ஒண்ணும் கேக்கல."

அறுபது. திரையில் அவனுடைய வெறுமையில் ஒரு வாய் முளைத்தது.

"நான் பாத்துக்கறேன். நீ மடி," என்றது அவர் குரல். அங்கிருந்து.

அவள் திரும்பினாள். "அட, எப்ப வந்தீங்க? அப்போ போன்ல யாரு?"

கத்தினார். உதடுகள் பிரியவில்லை. தடவிப் பார்த்தார். பிரிய உதடுகளே இல்லை.

போனை அவள் வைத்துவிட்டாள்.

மின்கம்பியைப் பிடுங்கினார். படம் அணையவில்லை. எழுபத்தெட்டு. கண்ணாடி வழுக்கி விசைப்பலகையில் விழுந்தது. தாங்க மூக்கில்லை.

வரவேற்பாளர் வந்து நின்றாள். அவர் நாற்காலியை நேராகப் பார்த்தாள்.

"ரீஸ்டார்ட் சார் எங்க?" என்றாள், பின்னால் இருந்தவர்களிடம். "லீவா?"

அவள் புடவையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். கை துணிக்குள் புகுந்து வெளியே வந்தது.

தொண்ணூற்றைந்து. திரையில் அவன் கட்டிலில் தலை குனிந்து உட்கார்ந்து ஒரு துணியை எடுத்து, ஓரம் தடவி, பொறுமையாக மடித்துக்கொண்டிருந்தான். மனைவி எதற்கோ சிரித்தாள்.

தொண்ணூற்றொன்பது.

அவன் கேமரா பக்கம் முகத்தைத் திருப்பினான். நெற்றிக்குக் கீழே தோல் இரண்டிடத்தில் மெல்லக் கிழிந்து, ஈரமாக, அவருடைய கண்கள் திறந்தன.